கொழும்பு அடுப்பில் மெக்சிகோ: எதற்குக் காசு கொடுப்பது, எதைச் சந்தையில் வாங்குவது

கொழும்பில் மெக்சிகோச் சமையலைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சுப்பர்மார்க்கட்டில் டாக்கோ (சோள ரொட்டியில் கறி வைத்து மடித்த உணவு) மசாலாப் பொட்டலம் ஒன்று, வளைத்துப் பொரித்த ஓடுகள் அடங்கிய பெட்டி ஒன்று, சல்சா என்ற தக்காளிச் சோஸ் போத்தல் ஒன்று என்று வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மூன்றுமே தேவையில்லை. பொட்டலத்தில் இருப்பது நற்சீரகம், மிளகாய்த்தூள், உள்ளித்தூள், உப்பு, கொஞ்சம் சீனி, தடிப்பாக்க மாப்பொருள். வளைந்த ஓடு அமெரிக்காவில் பெருகிய பழக்கம். போத்தல் சல்சாவில் சுட்ட தக்காளியின் வாசமே இராது. அந்தக் காசுக்கு இரண்டே பொருட்களை வாங்கினால் போதும்: மாசா ஹரினா ஒரு பை, காய்ந்த மெக்சிகோ மிளகாய் கொஞ்சம். மற்றவை வெள்ளவத்தை மரக்கறிக் கடைகளிலும் புறக்கோட்டையிலும் இருக்கின்றன. பல நேரம் இறக்குமதிச் சரக்கைவிட நன்றாகவே இருக்கின்றன. அதற்குமேல் சுவையைத் தீர்மானிப்பது சுடுவது, வறுப்பது, அரைத்ததை எண்ணெயில் வதக்குவது ஆகிய வேலைகள்தான்.

மாசா ஹரினாவில் குழப்பம் அதிகம், அதனால் அதை முதலில் பார்ப்போம். கடையில் ‘சோள மா’ என்று கேட்டால் மூன்று வேறு பொருட்களில் எதுவும் கைக்கு வரலாம். ஒன்று கஸ்டர்டுக்கும் சூப்புக்கும் போடும் கோன்ஃப்ளவர். அது வெறும் மாப்பொருள். இரண்டாவது காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மா. மூன்றாவதுதான் மாசா ஹரினா: சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, ஈரமாக அரைத்து, பிறகு உலர்த்திய மா. முதல் இரண்டிலும் டோர்ட்டியா என்ற மெல்லிய மெக்சிகோ ரொட்டி வராது. எவ்வளவு பிசைந்தாலும் சோளத்தில் கோதுமையின் பசைத்தன்மை உருவாகாது. சுண்ணாம்பு நீர் சோள மணியின் மேல்தோலைக் கரைத்து ஒரு பிசினாக மாற்றுகிறது, மாப்பொருளையும் ஓரளவு வேகவைக்கிறது. மாவைச் சேர்த்துப் பிடிப்பது அந்தப் பிசின். சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது: சோளத்தில் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற விற்றமினை விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளிடமும் பின்னர் அமெரிக்காவின் தென்பகுதியிலும் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பரவியதற்குக் காரணம் அதுதான்.

250 கிராம் மாசா ஹரினாவுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, கை பொறுக்கும் சூட்டில் 350 மி.லீ. தண்ணீர். மூன்று நிமிடம் பிசைந்து ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் விட வேண்டும். அந்த நேரத்தில் மா தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆகவே பிசைந்தவுடன் சரியாக இருந்த மா பிறகு இறுகியிருக்கும். 30 கிராம் உருண்டை ஒன்றை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் கொஞ்சம் மா தூவுங்கள். இந்த அளவில் ஏறக்குறைய இருபது டோர்ட்டியா வரும். மின்விசிறிக்குக் கீழே மாவைத் திறந்து வைக்கவே கூடாது. மேல் காய்ந்து ஓரம் வெடிப்பதற்கு நம் வீடுகளில் முக்கிய காரணம் அந்த விசிறிதான்.

அழுத்துவதற்கு இயந்திரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. தடித்த பொலித்தீன் பை ஒன்றை இரு பக்கமும் வெட்டி விரித்து, நடுவே உருண்டையை வைத்து, அடிப்பாகம் தட்டையான கனத்த சட்டியால் நேராக அழுத்துங்கள். விட்டம் 12 அல்லது 13 சென்ரிமீற்றர் இருந்தால் போதும். ரொட்டிபோல உருளையால் தேய்த்தால் கிழியும். இரும்புத் தோசைக்கல் இதற்கு மிகப் பொருத்தம். மெக்சிகோ வீடுகளில் கோமால் என்ற தட்டைக்கல் செய்யும் வேலையை அப்படியே செய்யும். ஒட்டாத பூச்சுள்ள சட்டி வேண்டாம், இதற்குத் தேவையான சூடு அந்தப் பூச்சுக்கு ஆகாது. எண்ணெய் தடவாமல் கல்லை நன்றாகக் காயவிட்டு, முதல் பக்கம் 20 செக்கன், திருப்பி 45 முதல் 60 செக்கன், மீண்டும் திருப்பினால் உப்பி வரும். உப்பாவிட்டால் கல்லின் சூடு போதாது, அல்லது தட்டியது தடிப்பு, அல்லது மா வறண்டிருக்கிறது. சுட்டவுடனே சாப்பிட்டுவிட்டு ‘விறைப்பாக இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள் கடைசிப் படியை விட்டவர்கள்: எல்லாவற்றையும் துணியில் சுற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். தன் ஆவியிலேயே மென்மையாவதுதான் டோர்ட்டியாவின் கடைசி வேக்காடு.

மாசா ஹரினா கிடைக்காத வாரங்களில் சோளத்திலிருந்தே தொடங்கலாம். வேலை கூடும், ஆனால் வாசம் பை மாவில் ஒருநாளும் வராதது. 500 கிராம் காய்ந்த சோளம், ஒன்றரை லீற்றர் தண்ணீர், 5 கிராம் உணவுத் தரச் சுண்ணாம்புத்தூள், அதாவது சோளத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு பாவிப்பதானால் வாசனையும் நிறமும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாகப் பாருங்கள். அது ஈரமான களி என்பதால் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக எடுக்க வேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரமும் கூடாது. சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வரில் வையுங்கள். மெல்லக் கொதிக்கும் நிலையில் 40 முதல் 50 நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து மூடி, 8 முதல் 12 மணித்தியாலம் அப்படியே விடுங்கள். மணியை விரலுக்கிடையில் தேய்த்தால் தோல் வழுகிக் கழர வேண்டும், நடு மட்டும் இன்னும் கொஞ்சம் கடிபட வேண்டும். நடுவும் குழைந்துவிட்டால் மா பசையாகும். இரண்டு தடவை கழுவினால் போதும். தோல் முழுவதையும் போக்கடித்தால் பிடிப்புக் குறையும். கழுவிய சோளம் கொழும்புச் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும், அன்றே அரையுங்கள். இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரில் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து அரைக்கலாம். பிளெண்டர் சுற்றுவதற்கே நிறையத் தண்ணீர் கேட்கும், மா கூழாகிவிடும். விதைக்கென்று விற்கும் சோளத்தில் நஞ்சு மருந்து பூசியிருப்பார்கள், அதை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். பூஞ்சணம் பிடித்த மணிகள் இருந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டும் முடியாத அன்றைக்குக் கோதுமை டோர்ட்டியா இருக்கிறது. வட மெக்சிகோவின் அன்றாட உணவு அது, மாற்று ஏற்பாடு என்று எண்ண வேண்டியதில்லை. 300 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி உப்பு, 60 கிராம் மாஜரின், 170 மி.லீ. சுடுநீர். மாஜரினை மாவில் முதலில் உதிர்த்துப் பிசறிய பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். முப்பது நிமிடம் ஊறவிடாமல் உருட்டினால் சுருங்கிக்கொண்டே இருக்கும். மிதமான சூட்டில் நீண்ட நேரம் போட்டால் அப்பளமாகும். கடும் சூட்டில் பக்கத்துக்கு 30 செக்கன்தான்.

இனி மிளகாய். நம் சமையலில் பழகிய கை அதிகம் தவறுவது இங்கேதான். நமக்கு மிளகாய் என்றால் உறைப்பு. மெக்சிகோவின் காய்ந்த மிளகாய்கள் பலவற்றில் உறைப்பு இரண்டாம் விஷயம். ஆஞ்சோ என்பது பழுத்துக் காய்ந்த பொப்லானோ மிளகாய். உலர் திராட்சையின் இனிப்பும் தடித்த சதையும் அதற்கு உண்டு. குவாஹீயோ சிவப்பு நிறமும் மெல்லிய புளிப்பும் தருவது. சிப்போட்லே புகையிட்ட ஹலபீனோ மிளகாய். சோஸைத் தடிப்பாக்குவதே இந்தச் சதைதான். நம் செத்தல் மிளகாய்க்குச் சதை குறைவு, உறைப்பு அதிகம். ஆறு குவாஹீயோவுக்குப் பதில் ஆறு செத்தல் போட்டால் சாப்பிடவே முடியாது, சோஸும் தண்ணீராக நிற்கும்.

அரைக் கிலோ கோழிக்கு மெக்சிகோ மிளகாய் கிடைத்தால் குவாஹீயோ 4, ஆஞ்சோ 2. கிடைக்காவிட்டால் விதை நீக்கிய செத்தல் 3, இனிப்புப் பப்ரிக்காத்தூள் ஒரு மேசைக்கரண்டி, உலர் திராட்சை பத்து, சதைக்கு அடுப்பில் சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் ஒன்று. முழுதும் ஆஞ்சோ ஆகிவிடாது, ஆனால் திசை சரியாக இருக்கும். காய்ந்த மிளகாயைக் கல்லில் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து செக்கன் மட்டும் அழுத்திப் பிடியுங்கள். வாசம் எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். கறித்தூளுக்கு வறுப்பதுபோலக் கறுக்க விட்டால் கசப்பு சோஸ் முழுவதும் ஏறும், சீனி போட்டும் மறைக்க முடியாது. பிறகு சுடுநீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய நீரை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரையுங்கள்.

அதே கல்லில் 300 கிராம் தக்காளி, பாதிப் பம்பாய் வெங்காயம், தோலோடு மூன்று பல் உள்ளி ஆகியவற்றைத் திட்டுத்திட்டாகக் கறுக்கும்வரை சுட வேண்டும். மிளகாய்க்கு ஆகாத கறுப்பு தக்காளிக்கு வேண்டும். எல்லாவற்றையும் 150 மி.லீ. தண்ணீரோடு அரைத்து, கண்ணறை வடியில் வடித்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் அதில் ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், ஆழமான தாச்சி வையுங்கள். ஆறு முதல் எட்டு நிமிடம் கிளறினால் நிறம் செம்மண் நிறத்துக்கு இறங்கும், எண்ணெய் ஓரத்தில் கசியும், பச்சை வாசம் போகும். இந்த வதக்கலை விட்டுவிட்டு அரைத்ததை நேரே கோழியில் ஊற்றுவதால்தான் பல வீடுகளில் சோஸ் சப்பென்று இருக்கிறது. அவித்துப் பிய்த்த கோழியை இதில் போட்டுப் பத்து நிமிடம் வற்றவிட்டால் டாக்கோவுக்குத் தயார்.

புகை வேண்டுமானால் சிரட்டைக்கரி ஒரு துண்டைத் தணலாக்கி, சிறு கிண்ணத்தில் வைத்து, சோஸ் பாத்திரத்துக்குள் இறக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் மூடுங்கள். அதற்குமேல் வைத்தால் கரிச்சுவை வரும். தகரத்தில் வரும் சிப்போட்லே கிடைத்தால் ஒரு வேளைக்கு இரண்டு காய் போதும். மீதியை அரைத்துக் கரண்டி கரண்டியாக உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மெக்சிகோ ஒரேகானோவுக்குப் பீட்சாவில் தூவும் ஒரேகானோவைவிட நம் தொட்டிகளில் வளரும் கற்பூரவள்ளி நெருக்கமானது. நிழலில் காயவைத்து நொறுக்கி, அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகாமல் சேருங்கள். நற்சீரகம் கால் தேக்கரண்டி போதும். கறிவேப்பிலையும் ரம்பையும் பெருஞ்சீரகமும் அன்றைக்கு ஓய்வெடுக்கட்டும்.

பச்சைச் சல்சாவுக்கு வேண்டிய டொமாட்டீயோ என்ற புளிப்பான பச்சைக்காய் இங்கே இல்லை. பழுக்காத தக்காளி 300 கிராமைச் சுட்டு, இரண்டு பிலிம்பிக்காய், ஒரு பச்சை மிளகாய், ஒரு பிடி மல்லி இலையோடு அரைத்தால் அந்தக் கூர்மையான புளிப்பு வரும். பிலிம்பியைக் கூட்டாதீர்கள், மற்ற வாசங்களை அது விழுங்கிவிடும். அவகாடோவை மசித்துச் செய்யும் குவாக்கமோலேக்கு ஒரே எச்சரிக்கை: இங்கு விளையும் பெரிய அவகாடோக்கள் பலவற்றில் கொழுப்புக் குறைவு, நீர் அதிகம். தக்காளியின் விதைப்பகுதியை நீக்கிவிடுங்கள், தேசிப்புளியை ஒரு மேசைக்கரண்டிக்குள் நிறுத்துங்கள், வெங்காயம், மிளகாய், உப்பு மூன்றையும் உரலில் முதலில் நசுக்கிய பிறகு பழத்தைச் சேர்த்துக் கட்டிகட்டியாக விடுங்கள். பிளெண்டரில் அடித்தால் குழம்பாகும். தேசிக்காய் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்; மெக்சிகோவில் டாக்கோமேல் பிழியும் சிறிய எலுமிச்சையும் நம் தேசிக்காயும் ஒரே இனம்.

கொழும்பு அடுப்புக்கு மிகப் பொருந்திய மெக்சிகோ உணவு எது என்று கேட்டால் தயங்காமல் பிபில் என்பேன். யூக்கத்தான் தீபகற்பத்தின் உணவு. செந்நிறம் தரும் அச்சியோத்தே விதையும் புளித்தோடையும் பூசிய இறைச்சியை வாழையிலையில் பொதிந்து, மண்ணுக்குள் தோண்டிய குழியில் வேகவைப்பார்கள். பன்றி இறைச்சியில் செய்வதுதான் பேர்போனது, கோழியிலும் அங்கே வழக்கமாகச் செய்கிறார்கள். வெக்கையும் ஈரமும் நிறைந்த அந்தக் கரையோரத்தின் பொருட்களில் பெரும்பகுதி நம் சந்தையில் நாளும் கிடக்கிறது. லம்ப்ரைஸ் பொதிந்து பழகிய ஊருக்கு இலை கட்டவும் சொல்லித்தரத் தேவையில்லை.

எலும்போடு ஒரு கிலோ கோழித்தொடை, 100 மி.லீ. தோடம்பழச்சாறு, 50 மி.லீ. தேசிச்சாறு, ஐந்து பல் சுட்ட உள்ளி, அரைத் தேக்கரண்டி மிளகு, கால் தேக்கரண்டி நற்சீரகம், இரண்டு கராம்பு, கற்பூரவள்ளித்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு 12 கிராம். அச்சியோத்தே விதை கிடைத்தால் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் மிகக் குறைந்த சூட்டில் மூன்று நிமிடம் வைத்து வடியுங்கள். அதன் நிறம் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. எண்ணெய் புகைந்தால் நிறம் போய்க் கசப்பு வரும். விதை இல்லாதவர்கள் பப்ரிக்காத்தூள் ஒன்றரை மேசைக்கரண்டியும் மஞ்சள்தூள் ஒரு சிட்டிகையும் போடலாம். நிறம் கிடைக்கும், அந்த மண்வாசம் கிடைக்காது. மஞ்சளைக் கூட்டினால் கறியாகிவிடும்.

எல்லாவற்றையும் அரைத்துப் பூசி, ஃபிரிட்ஜில் நான்கு முதல் எட்டு மணித்தியாலம் வைக்கலாம். அதற்குமேல் போனால் புளி இறைச்சியின் மேற்பகுதியை மாவாக்கும். வாழையிலையின் நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, தணலுக்கு மேலே அசைத்துப் பளபளப்பு வரும்வரை வாட்டுங்கள், வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். இரட்டை இலையில் பொதிந்து கட்டி, மூடியுள்ள தட்டில் அவணில் 160 பாகை செல்சியஸில் ஒன்றரை மணித்தியாலம். அவண் இல்லாத வீட்டில் இடியப்பம் அவிக்கும் பாத்திரத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் ஆவியில் வையுங்கள், அடியில் நீர் வற்றுகிறதா என்று இடையில் பாருங்கள். ஆவியில் வேகும்போது சாறு அதிகம் சேரும். அதைத் தனியாகப் பாதியாக வற்றவைத்துப் பிய்த்த இறைச்சியில் மீண்டும் ஊற்ற வேண்டும். அந்தச் சாற்றைக் கொட்டினால் உணவின் பாதியைக் கொட்டியதாகும்.

கூடவே ஊறிய வெங்காயம் கட்டாயம். 250 கிராம் சின்ன வெங்காயத்தை வட்டமாக அரிந்து, கொதிநீரை ஊற்றிப் பத்துச் செக்கனில் வடித்து, 80 மி.லீ. தேசிச்சாறு, 40 மி.லீ. தோடம்பழச்சாறு, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து அரை மணி விடுங்கள். புளி பட்டதும் ரோஸ் நிறம் ஏறும். யூக்கத்தானில் இதோடு ஹபனேரோ மிளகாய் வைப்பார்கள். சந்தையில் நை மிரிஸ் என்று கேட்டு வாங்கும் மிளகாயும் ஹபனேரோவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பழவாசமும் கடும் உறைப்பும் இரண்டுக்கும் பொது. ஒரு காய் நாலு பேருக்குக் காணும். அரியும் முன் கைக்கு எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீட்டுக்குப் போஞ்சி விதைகள் இருக்கின்றன. கறுப்பு விதை அரிது. சிவப்புக் கிட்னி பீன்ஸ் சுலபமாகக் கிடைக்கும். 250 கிராமை இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் மசியும்வரை அவியுங்கள். மெல்லிய சூட்டில் பல மணிநேரம் வேகவைக்கும் மின்சாரக் குக்கரில் இதை நேரே போடக்கூடாது. சிவப்பு விதையில் உள்ள லெக்டின் நஞ்சு முழுக் கொதியில்தான் அழியும், அரைவேக்காடு வாந்தியில் கொண்டுபோய் விடும். அவிந்ததை வெங்காயம் வதக்கிய எண்ணெயில் போட்டு மசித்து, அவித்த நீரையே சிறிது சிறிதாக விட்டுக் கிளறுங்கள். ஆறினால் இறுகும், ஆகவே கொஞ்சம் இளக்கமாக இறக்குங்கள். கௌப்பியிலும் செய்யலாம், வாசம் வேறாக இருக்கும். மேலே தூவ உப்பிட்டுப் பிழிந்த பனீர் போதும். கிரீமுக்குப் பதில் எருமைத் தயிரைத் துணியில் இரண்டு மணித்தியாலம் தொங்கவிட்டு உப்புப் போட்டு அடித்தால், டின் கிரீம் பக்கத்தில் வர முடியாது.

இலங்கைக் கறுவாவை உலகில் அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோ. அங்கே மோலே என்ற மிளகாய்க் குழம்பிலும் சட்டியில் காய்ச்சும் கோப்பியிலும் ஒர்ச்சாத்தா என்ற அரிசிப் பானத்திலும் போவது நம் கறுவாதான். தடித்த கசியாப் பட்டை அந்த வேலைக்கு உதவாது: அதன் காரம் முந்திக்கொள்ளும், பிளெண்டரில் நொறுங்கவும் செய்யாது. மெல்லிய சுருள் கறுவா அரிசியோடு சேர்ந்து அரைபடும். ஒர்ச்சாத்தாவுக்கு 200 கிராம் வெள்ளைப் பச்சையரிசியையும் விரல் நீளக் கறுவா ஒன்றையும் 600 மி.லீ. தண்ணீரில் ஃபிரிட்ஜுக்குள் இரவு முழுக்க ஊறவையுங்கள்; வெளியே வைத்தால் விடியும்போது புளித்திருக்கும். இரண்டு நிமிடம் அரைத்து, துணியில் வடித்து, இன்னும் 400 மி.லீ. குளிர்நீரும் 100 கிராம் சீனியும் சிட்டிகை உப்பும் சேருங்கள். புழுங்கல் சம்பாவில் செய்தால் அவித்த வாசம் வரும். காய்ச்சக் கூடாது, கஞ்சியாகும். அடியில் மா படியும், ஊற்றும்போதெல்லாம் கலக்க வேண்டும்.

மீந்த சோள டோர்ட்டியாவை ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மறுநாள் முக்கோணமாக வெட்டி 175 பாகை எண்ணெயில் பொரிப்பதற்குப் புதியதைவிட அதுவே நல்லது, ஈரம் குறைந்திருப்பதால் எண்ணெய் குடிக்காது. பொரித்ததை நன்றாக ஆறவிட்டே டின்னில் போடுங்கள். கடற்காற்று பட்டு நமத்துப் போனால் 160 பாகை அவணில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் மீண்டும் மொறுமொறுக்கும்.